சபோட்டாஜ்: நாசவேலையா, கீழறுப்பா?

சேலம் அம்மாப்பேட்டை இளைஞர் ஒருவர் எழுதிவரும் அறிவியல் புனைகதையில், சேர்வராயன் மலையில் கைவிடப்பட்ட பாக்சைட் சுரங்கக் குழிக்குள் ஓர் அரசு ரகசியமாகப் பேராயுதம் ஒன்றைக் கட்டுகிறது. தலைமைப் பொறியாளருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் முகம் சுளிக்காமல் வேலை செய்து, யாருக்கும் தெரியாமல் அதன் வயிற்றுக்குள் ஒரு பலவீனத்தை வைத்துவிடுகிறார். இதைக் கதாசிரியர் முதலில் 'சபோட்டாஜ்' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு 'நாசவேலை' ஆக்கியிருந்தார். படித்தவர்களுக்கு இரண்டுமே உறுத்தின. நாசவேலை என்றால் தண்டவாளத்தைப் பெயர்ப்பது, குண்டு வைப்பது. இந்தப் பொறியாளர் எதையும் உடைக்கவில்லை. ஆயுதம் நன்றாகவே இயங்குகிறது.

முதலில் 'சபோட்டாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பார்ப்போம். 'சாபோ' என்பது ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்யும் காலணி. இயந்திரங்கள் பிழைப்பைக் கெடுத்ததால் ஆத்திரமடைந்த தொழிலாளர்கள் அந்தக் காலணியைக் கழற்றித் தறிக்குள் எறிந்தார்கள், அதிலிருந்து சபோட்டாஜ் பிறந்தது என்பார்கள். 1991இல் வந்த ஆறாவது 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் விண்கலத்தில் நின்றுகொண்டே ஒரு பாத்திரம் இதைச் சரித்திரமாகச் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம் இல்லை. 'சாபோத்தே' என்ற வினைக்கு மரக்காலணியோடு தடதடவென்று நடப்பது என்று பொருள். அதிலிருந்து வேலையை ஏனோதானோவென்று செய்து கெடுப்பது என்ற பொருள் வந்தது. 1897இல் துலூஸ் நகரில் கூடிய பிரெஞ்சுத் தொழிற்சங்க மாநாட்டில் எமில் பூஜே என்ற தொழிற்சங்கவாதி இதைப் போராட்ட முறையாகவே முன்வைத்தார். மோசமான கூலிக்கு மோசமான வேலை என்பதே முழக்கம். 1910இல் பிரான்சில் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தை ஒட்டி இந்தச் சொல் ஆங்கிலத்திலும் பரவியது.

அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. தறியை நிறுத்தச் செருப்பு எதற்கு? பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், அறுந்த இழையைப் பிணைக்காமல் விட்டால் போதும். தறி ஓடும், துணி வளரும், குறையும் கூடவே நீளமாக வளரும். பூஜே சொன்னது இந்த வகை வேலையைத்தான். (சப்போட்டாப் பழத்துக்கும் இதற்கும் உறவு உண்டா என்று ஒருவர் கேட்டார். இல்லை. பழத்தின் பெயர் மெக்சிகோவின் நவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது.)

அறிவியல் புனைகதையில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு 'ஸ்டார் வார்ஸ்'. 1977இல் வந்த முதல் படத்தில், சிறு நிலவு அளவுள்ள 'டெத் ஸ்டார்' ஒரு கோளையே தூளாக்குகிறது. ஆனால் இரண்டே மீட்டர் அகலமுள்ள வெப்பப் போக்கித் துளை வழியாக உலைக்குள் போகும் குண்டு அதை அழித்துவிடுகிறது. இவ்வளவு பெரிய அரசு இப்படி ஓர் ஓட்டையை விடுமா என்று ரசிகர்கள் பல்லாண்டுகள் கிண்டலடித்தார்கள். 2016இல் வந்த 'ரோக் ஒன்' அதற்குப் பதில் சொன்னது. கேலன் எர்சோ என்ற விஞ்ஞானி வேண்டுமென்றே உலைக்குள் பலவீனத்தை வைத்திருந்தார். தான் மறுத்தாலும் ஆயுதத்தை வேறொருவர் கட்டி முடிப்பார் என்று அவருக்குத் தெரியும். அதனால் தோற்றுப் பணிந்தவர் போல நடித்து, தான் இல்லாமல் வேலை நடக்காது என்ற நிலையை உண்டாக்கிக்கொண்டு, பொறியை வைத்தார்.

1977இல் வெறும் அலட்சியமாகத் தெரிந்த துளை, 39 ஆண்டுகள் கழித்து ஒரு மனிதரின் எதிர்ப்பாகிவிட்டது. எனக்கு இதில் பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றுதான்: பொறி மறைந்திருக்க வேண்டுமானால் ஆயுதம் வேலை செய்தாக வேண்டும். அது வேலை செய்கிறது; நகரமும் கோளும் அழிகின்றன. எர்சோவின் கையிலும் அந்த ரத்தம் உண்டு.

இந்தச் செயலுக்கு 'சதி' என்பது மிகப் பொதுவான சொல். நாலு பேர் கூடிப் பேசினாலே சதிதான். 'சீர்குலைவு' விளைவைச் சொல்கிறதே தவிர, செய்த கையைக் காட்டவில்லை. நமக்கு வேண்டியது அகராதியிலேயே இருக்கிறது: கீழறுப்பு. கீழறுத்தல் என்றால் அடியில் குடைதல், மறைவாகச் சூழ்ச்சி செய்தல். வள்ளுவர் உட்பகையைப் பற்றிச் சொல்லும்போது காட்டும் கருவியும் இந்த வேலையைச் செய்வதுதான்:

உட்பகை அஞ்சித்தற் காக்க உலைவிடத்து
மட்பகையின் மாணத் தெறும்.

மட்பகை என்பது குயவர் மண்கலத்தை அறுத்தெடுக்கும் கருவி. தளர்ச்சி நேரும் சமயம் பார்த்து உட்பகை அதுபோலத் தப்பாமல் அறுத்துவிடும் என்கிறது குறள். உள்ளிருப்பவர், மறைவு, காத்திருக்கும் வேளை என்று எர்சோவின் கதைக்கு வேண்டிய எல்லாம் இந்த ஒன்றேமுக்கால் அடியில் இருக்கின்றன.

பாரதத்தில் இதற்குச் சல்லியன் இருக்கிறான். கர்ணனுக்குத் தேரோட்டிக்கொண்டே அவன் ஊக்கத்தைக் குலைத்துவிடுவதாகத் தருமனிடம் முன்பே ஒப்புக்கொண்டவன் அவன். தேரும் ஓடியது, கர்ணனின் நெஞ்சும் தளர்ந்தது, சுத்தமான கீழறுப்பு. வேண்டிய நேரத்தில் பிரம்மாஸ்திரம் மறந்துபோகும் என்று பரசுராமர் இட்ட சாபத்தை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது வெளிப்படையான தண்டனை. கர்ணன் அதைத் தெரிந்தேதான் களத்துக்குப் போனான்.

நிகழ்காலச் செய்திகளுக்கும் இந்தச் சொல் உதவும். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்தில் சுழலும் கருவிகளின் வேகத்தை மாற்றிவிட்டு, திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது. அதைக் கீழறுப்பு என்று தயங்காமல் எழுதலாம். 1944இல் அமெரிக்க உளவுத்துறை வெளியிட்ட எளிய சபோட்டாஜ் கையேடு இன்னும் வேடிக்கை. எதையும் குழுவுக்கு அனுப்புங்கள், குழுவில் ஐந்து பேருக்குக் குறையக் கூடாது, நீளமாகப் பேசுங்கள் என்று அது எதிரி நாட்டு அலுவலக ஊழியர்களுக்கு அறிவுரை சொல்கிறது. இந்த அறிவுரையில் குண்டும் இல்லை, தீயும் இல்லை. இதை நாசவேலை என்று மொழிபெயர்த்தால் வாசகர் சிரிப்பார்.

தண்டவாளப் பெயர்ப்பும் பாலத் தகர்ப்பும் நாசவேலையாகவே இருக்கட்டும். உள்ளிருந்து செய்வது கீழறுப்பு; செய்பவர் கீழறுப்பாளர்; வினையாக வேண்டுமானால் 'கீழறுத்தார்' என்றே எழுதலாம், 'கீழறுப்பு வேலையில் ஈடுபட்டார்' என்று இழுக்கத் தேவையில்லை.