ஒரு நூல்கூடப் பிரியவில்லை, ஆனாலும் இழப்பு

கடல் சரக்குக் காப்பீட்டு கிளைம்களைப் பரிசீலிப்பது என் வேலை. 2024 தொடக்கத்தில் ஓர் ஏற்றுமதியாளர் தம் பாலிசியை என் மேசையில் விரித்து வைத்தார். "போர்க் காப்பீட்டுக்கும் சேர்த்துத்தானே பிரீமியம் கட்டினேன்? பிறகு ஏன் எதுவும் கிடைக்காது என்கிறீர்கள்?"

அவர் அனுப்பியது குளிர்கால ஆடைகள். ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படை கப்பல்களைத் தாக்கிவந்ததால், கப்பல் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. ஆடைகளில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ஆனால் அவை போய்ச் சேர்வதற்குள் விற்பனைக் காலம் முடிந்திருந்தது. வாங்குபவர் விலையை அடித்துக் குறைத்துவிட்டார். பாலிசியோடு இணைந்த நிபந்தனைகளில் ஒரு வரியை அவருக்குக் காட்டினேன். தாமதத்தால் வரும் இழப்புக்கு ஈடு கிடையாது. காப்பீடு செய்த ஆபத்தே அந்தத் தாமதத்துக்குக் காரணமாக இருந்தாலும் கிடையாது. அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கோபம் கப்பல் நிறுவனத்தின் மேல் திரும்பியது.

அந்தக் கோபம் நியாயமில்லை என்பேன். 2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் ஹூதிகள் கைப்பற்றிய 'கேலக்சி லீடர்' கப்பலின் மாலுமிகள் 25 பேரும் வீடு திரும்ப 2025 ஜனவரி ஆயிற்று. 2024 மார்ச்சில் ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் இறந்தார்கள். எந்தச் சரக்கும் அந்த உயிர்களுக்கு ஈடாகாது.

சுற்றுவழியால் கூடுவது ஏறக்குறைய 10 முதல் 14 நாள்கள். பாதிப்பு அந்த நாள்களோடு நிற்பதில்லை. வாரம் ஒரு கப்பல் புறப்பட வேண்டிய தடத்தில், போய்த் திரும்ப 12 வாரம் பிடித்தால் 12 கப்பல்கள் வேண்டும். அதுவே 14 வாரமானால் இன்னும் இரண்டு கப்பல்களுக்கு எங்கே போவது? வேறு தடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். காலி கண்டெய்னர்களும் தாமதமாகவே திரும்புகின்றன. அதனால்தான் செங்கடலோடு ஒட்டும் உறவும் இல்லாத துறைமுகத்திலும் கண்டெய்னர் தட்டுப்பாடு வருகிறது, கட்டணம் ஏறுகிறது. துணிந்து செங்கடல் வழியே போகிறவர்களுக்கும் செலவு குறைவில்லை. 2024 தொடக்க மாதங்களில் ஒரு பயணத்துக்கான போர் இடர் பிரீமியம் கப்பல் மதிப்பில் 1 சதவீதத்தை நெருங்கியது. 10 கோடி டாலர் கப்பலுக்கு அது 10 லட்சம் டாலர்.

என் மேசைக்கு வருகிறவர்களில் பலர் 'ஆல் ரிஸ்க்' (எல்லா ஆபத்துக்கும்) என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்கள். சரக்குக் காப்பீட்டின் மிக விரிவான 'ஏ' பிரிவு நிபந்தனைகளும் போரை வெளிப்படையாக விலக்குகின்றன. போர்ப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும், பொதுவாகச் சரக்கு கப்பலில் ஏறிய பிறகே அது தொடங்கும். இறக்கியதும், அல்லது கப்பல் இறுதித் துறைமுகத்தை அடைந்து 15 நாள் கடந்ததும், முடிந்துவிடும். கிடங்கில் இருக்கும்போது குண்டு விழுந்தால் அந்தப் பாதுகாப்பு உதவாது. நீண்டகாலப் பாலிசியில் போர்ப் பகுதியை ஏழு நாள் முன்னறிவிப்போடு நிறுத்தவும் காப்பீட்டாளருக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே தொடங்கிவிட்ட பயணத்தை மட்டும் அது பாதிக்காது.

சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்தையும் பொடி எழுத்து என்று ஒதுக்காதீர்கள். ஆபத்து நேரத்தில் வழியை மாற்றவும், சரக்கை வேறொரு துறைமுகத்தில் இறக்கிவிடவும் கப்பல் நிறுவனத்துக்கு அங்கே இடம் கொடுத்திருப்பார்கள். அங்கிருந்து மேலே கொண்டுசெல்லும் செலவு பெரும்பாலும் சரக்குக்காரர் தலையில்தான் விழும். கப்பல் திசை திரும்பிய பிறகு இதைப் பேசிப் பயனில்லை. தாமதமானால் விலை என்ன ஆகும், கூடுதல் கட்டணம் யார் பொறுப்பு என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அந்த ஏற்றுமதியாளர் அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம் முன்கூட்டியே சரக்கை ஏற்றினார். வாங்குபவரோடு போட்ட ஒப்பந்தத்தில் தாமதத்துக்கென ஒரு பத்தி புதிதாக இருந்தது. கையெழுத்திடுவதற்கு முன் அதை எனக்கு அனுப்பி, சரிபார்க்கச் சொன்னார்.