முன்பருவக் கல்வி ஆய்வு: நிதி கேட்கும் முன் கூட்டாளியைத் தேடுங்கள்

மனையியல், கல்வியியல், சமூகப்பணி படித்துவிட்டுச் சின்னக் குழந்தைகளைப் பற்றி ஆய்வு செய்ய வருகிற இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மேடம், இதுக்கு ஃபண்டிங் யார் தருவாங்க?" என்பதைத்தான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு. எந்த ஊர் அங்கன்வாடி? அந்த வட்டாரத்தின் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரைப் பார்த்தாயிற்றா? குழந்தையோடு உட்கார்ந்து அளக்கப்போவது யார்? இதற்கெல்லாம் பதில் இருந்தால் நிதி தேடுவது பாதி முடிந்த மாதிரிதான். பதில் இல்லாமல் எழுதும் முன்மொழிவு எவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் இருந்தாலும் மதிப்பீட்டுக் குழுவில் நிற்காது. நான் படித்த முன்மொழிவுகளில் பல இந்த இடத்தில்தான் விழுந்தன.

மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளைத் தமிழ்நாட்டில் பெரிய எண்ணிக்கையில் பார்க்க வேண்டுமென்றால் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வாசலுக்குத்தான் போக வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் அது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பாடத்திட்டம் இருக்கிறது, 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று அதற்கு அழகான பெயரும் இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் எடையும் உயரமும் மத்திய அரசின் செயலியான போஷன் டிராக்கரில் ஏறுகிறது. 2019 தொடக்கத்தில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் வந்தன. உலகத்தில் வேறெங்கும் ஓர் ஆய்வாளருக்கு இப்படி ஒரு களம் எளிதில் அமையாது. ஆனால் இந்தக் களம் அரசுடையது. அதனால் முதல் கூட்டாளி அரசுத் துறைதான்.

இதற்கு நம் மாநிலத்திலேயே மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. நம் கல்லூரிகளில் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாடு அரசோடு சேர்ந்து நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதி மையங்களில் மட்டும் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை வைத்தார்கள். அவருடைய வேலை முன்பருவக் கல்வி மட்டுமே. ஏற்கெனவே இருந்த பணியாளர் ஊட்டச்சத்து, உடல்நலம், பதிவேடு ஆகியவற்றைக் கவனித்தார்.

விளைவு என்ன? குழந்தைகளுக்குக் கிடைத்த கற்பித்தல் நேரம் இரண்டு மடங்கானது. பதினெட்டு மாதம் கழித்து, மையத்திலேயே தொடர்ந்த குழந்தைகளின் கணக்கு மதிப்பெண் 0.29 திட்ட விலக்கமும் மொழி மதிப்பெண் 0.46 திட்ட விலக்கமும் கூடியிருந்தன. திட்ட விலக்கம் என்பது குழந்தைகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதற்கான அளவு. கல்வி ஆய்வுகளில் இவை பெரிய எண்கள். அதைவிட முக்கியமானது, வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதமும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் அந்த மையங்களில் குறைவாக இருந்தன. கல்விக்கு ஓர் ஆளைச் சேர்த்தபோது உடல்நலமும் சேர்ந்து முன்னேறியது, ஏனென்றால் பழைய பணியாளருக்கு அப்போதுதான் அந்த வேலைக்கு நேரம் கிடைத்தது. 2021இல் முன்வரைவாக வந்த இந்த ஆய்வு 2024இல் பொருளியலின் முதல்வரிசை இதழ்களில் ஒன்றில் வெளியானது.

இந்த ஆய்வை நடத்த நம் துறைக்காரர்களால் முடியாதா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். மாதிரி எடுப்பதும் புள்ளியியலும் பொருளியலாளர்களின் பலம். மூன்று வயதுக் குழந்தை பேசாமல் நிற்பது தெரியாததாலா, கூச்சத்தாலா, அல்லது படத்தில் இருப்பதை அதன் ஊரில் வேறு பெயரில் சொல்வதாலா என்று கண்டுகொள்வது குழந்தை வளர்ச்சி படித்தவரின் பலம். இவர்கள் இருவரும் ஒரே அறையில் உட்காரும் வாய்ப்பு நம் பல்கலைக்கழகங்களில் அரிது. ஒரே வளாகத்தில் பொருளியல் துறை ஒரு மாடியிலும் மனித மேம்பாட்டுத் துறை இன்னொரு மாடியிலும் இருக்கும், பேச்சு மட்டும் இருக்காது. புதிதாக யாரையும் தேடிப்போகும் முன் அந்த மாடிப்படியை ஏறி இறங்குங்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது.

அளவுகோல் விஷயத்தில் நமக்குச் சொந்த மரபும் இருக்கிறது. வகுப்பறைச் சூழலின் தரத்தை அளக்க அமெரிக்காவில் உருவான மதிப்பீட்டு அளவுகோலை அப்படியே பயன்படுத்தாமல், நம் பால்வாடிகளுக்கு ஏற்றபடி மாற்றித் 'டெசர்ஸ்' என்ற அளவுகோலாகச் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கும் முன்பே வெளியிட்டது. குழந்தைக் கல்வியாளர் மீனா சுவாமிநாதன் இத்துறைக்குச் செய்த பெரிய பங்களிப்பின் தொடர்ச்சி அது. இன்றைக்கு வரும் பல முன்மொழிவுகளில் வெளிநாட்டு அளவுகோலின் பெயர் மட்டும் இருக்கிறது. அதைத் தமிழில் எப்படிச் சரிபார்த்தார்கள் என்ற வரி இருப்பதில்லை. அந்தச் சரிபார்ப்பே ஒரு தனி ஆய்வு, சிறிய நிதியில் முடிக்கக்கூடிய, பிறருக்கும் பயன்படுகிற ஆய்வு. புதிதாக வருபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

சரி, இனி பணத்துக்கு வருவோம்.

உள்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது 1969இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், நாம் ஐசிஎஸ்எஸ்ஆர் என்று சொல்வது. சிறு திட்டம், பெருந்திட்டம் இரண்டுக்கும் அழைப்பு வரும். அண்மை ஆண்டுகளில் நெடுங்காலத் தொடர் ஆய்வுகளுக்கென்று தனி அழைப்பும் விட்டார்கள். குழந்தைகள் ஆய்வுக்கு இது பெரிய கதவு, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அடுத்து, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமான என்சிஇஆர்டியின் கல்வி ஆராய்ச்சி மற்றும் புதுமைக் குழு. எரிக் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்கள் தங்கள் செயலாராய்ச்சியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக இது பொருத்தமான இடம். ஊட்டச்சத்தும் மூளை வளர்ச்சியும் சேர்ந்த கேள்வி என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் பக்கம் போகலாம், ஆனால் அங்கே மருத்துவர் ஒருவர் அணியில் இல்லாமல் நகர்வது கடினம்.

வெளிநாட்டில், அமெரிக்காவின் ஸ்பென்சர் அறக்கட்டளை கல்வி ஆய்வுக்கென்றே இருக்கிறது. அதன் சிறு நல்கை 50 ஆயிரம் டாலர் வரை, அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். நெதர்லாந்தின் வான் லியர், டென்மார்க்கின் லெகோ அறக்கட்டளை ஆகியவை குழந்தைப் பருவத்தையே மையமாக வைத்தவை. வறுமை ஒழிப்புத் திட்டங்களைக் குலுக்கல் முறை ஆய்வுகளால் மதிப்பிடும் ஜே-பால் அமைப்பின் நல்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதன் வலையமைப்பில் உள்ள ஆய்வாளர் ஒருவர் அணியில் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் களம் தெரிந்த, குழந்தைகளைத் தெரிந்த ஒருவரை அவர்களும் தேடுகிறார்கள். ஒரு பக்கத்தில் உங்கள் கேள்வியையும், எந்த வட்டாரத்தில் உங்களுக்கு எத்தனை ஆண்டுப் பழக்கம் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

பலர் கவனிக்காத ஒரு வழி நிறுவனங்களின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அங்கன்வாடிக்குப் பெயின்ட் அடிப்பதும் பொம்மை வாங்கித் தருவதும் இந்தப் பணத்தில்தான் நடக்கிறது. ஆய்வுக்கு நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள். ஆனால் 2021 விதித் திருத்தத்துக்குப் பிறகு, சிஎஸ்ஆர் கடமை சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்கள் முடிந்து ஓராண்டு ஆனதும் அவற்றின் விளைவை வெளியார் ஒருவரைக் கொண்டு மதிப்பிட்டே ஆக வேண்டும். அந்த மதிப்பீட்டுக்குச் செலவிடவும் அனுமதி உண்டு. இந்த வேலை இப்போது பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்களுக்குப் போகிறது. கிரையான் எத்தனை பெட்டி கொடுத்தோம் என்று எண்ணும் அறிக்கைகளாக அவை வருகின்றன. திட்டம் தொடங்கும் முன்பே ஒரு கல்லூரித் துறை உள்ளே போய், குழந்தைகளின் நிலையை ஆரம்பத்திலும் முடிவிலும் அளந்தால் அது ஆய்வாகும். மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் பொறுப்பாளரைத் திட்டம் முடிந்தபின் பார்ப்பதில் பயனில்லை. ஜனவரி, பிப்ரவரியில், அடுத்த ஆண்டுத் திட்டம் எழுதும்போது போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால், வெளிநாட்டு நன்கொடைகளை முறைப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தைப் படிக்காமல் ஒப்பந்தம் எழுதாதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு தொண்டு நிறுவனம் வாங்கும் வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துத் தர முடியாது. முன்பெல்லாம் பெரிய நிறுவனம் நல்கை வாங்கி, கிராமத்தில் வேலை செய்யும் சின்ன அமைப்புக்குப் பங்கு கொடுக்கும். அந்த வழி அடைபட்டுவிட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. களத்தில் வேலை செய்யும் சின்ன அமைப்புகளுக்குத்தான் இதில் பெரிய அடி. அவர்களைக் கூட்டாளியாக வைத்துக்கொள்ள விரும்பினால் அவர்கள் பங்குக்கு உள்நாட்டு நிதியைத் தனியாகத் தேடி, இரண்டு கணக்கையும் தொடக்கத்திலேயே பிரித்து எழுதிவிடுங்கள். உடல்நலம் சார்ந்த ஆய்வில் வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் வேண்டும். அதற்கான மாதங்களையும் கால அட்டவணையில் போடுங்கள்.

நெடுங்கால ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். தமிழ்நாட்டில் முன்பருவக் கல்வி ஆய்வை உடைப்பது ஜூன் மாதம். மூன்றரை வயதில் அங்கன்வாடியில் அளந்த குழந்தை, அடுத்த ஜூனில் தெருமுனையில் உள்ள நர்சரிப் பள்ளியில் எல்கேஜியில் இருக்கும். வேன் வந்து கூட்டிப்போகும். மையத்தை மட்டும் நம்பி மாதிரி எடுத்தவர் இரண்டாம் சுற்றில் பாதிப் பெயர்களைப் பதிவேட்டில் தேடிக்கொண்டிருப்பார். மேலே சொன்ன ஆய்வுகூட, கற்றல் பலனைச் சொல்லும்போது 'மையத்தில் தொடர்ந்த குழந்தைகள்' என்று கவனமாகச் சொல்வதைப் பாருங்கள். அதனால் குழந்தையை வீட்டு முகவரியோடு, பாட்டி வீட்டு முகவரியோடும் பதியுங்கள். ஆண்டுக்கு இருமுறையாவது பெற்றோரோடு பேச ஓர் ஆளுக்குச் சம்பளம் கேளுங்கள்.

இதைச் செய்துகாட்டிய இடம் நம் வேலூர். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு, குடல் தொற்று, வளர்ச்சி ஆகியவற்றைப் பற்றிய மால்-எட் என்ற எட்டு நாட்டுக் கூட்டாய்வின் களங்களில் வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியும் ஒன்று. கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 2009இல் தொடங்கியது. வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், பிரேசில், பெரு, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகியவை மற்ற நாடுகள். வேலூரின் ஏழ்மையான குடியிருப்புகளில் பிறந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளை, இரண்டு வயதாகும்வரை வாரம் இருமுறை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். முதல் நிதி முடிந்தபிறகும் பள்ளி வயதுவரை அந்தக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிதாக நிதி தேட வேண்டியிருக்கும் வேலை இது. முதல் கட்டத்திலேயே முகவரியும் நம்பிக்கையும் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால்தான் அடுத்த கட்டத்தில் கதவு திறக்கும்.

நம்பிக்கை என்று சொல்லும்போது ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடமே அதன் சம்மதத்தைக் கேட்கச் சொல்கின்றன. நம் குழந்தைகள் அதற்கும் சிறியவர்கள், பெற்றோரின் கையெழுத்து போதும் என்பது விதி. ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கும் 'வேண்டாம்' சொல்லத் தெரியும். முகத்தைத் திருப்பும், ஆயாவின் சேலையைப் பிடித்துக்கொள்ளும். அப்போது அன்றைய அளவீட்டை நிறுத்திவிட வேண்டும் என்று களப்பணியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அதனால் கூடுதல் நாள் ஆகும், கூடுதல் பேருந்துச் செலவு ஆகும். அதை நிதிநிலைக் கணக்கில் காட்டினால் எந்த நல்ல மதிப்பீட்டாளரும் மறுக்கமாட்டார்.

எல்லாவற்றையும்விட நான் பிடிவாதமாகக் கேட்பது ஒன்று: அங்கன்வாடிப் பணியாளரின் நேரத்துக்கு மதிப்பு. சத்துமாவு கொடுப்பது, சமையலைப் பார்ப்பது, எடை போடுவது, செல்போனில் பதிவு ஏற்றுவது, பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலை, இவற்றுக்கு நடுவில்தான் அவர் பாட்டும் கதையும் சொல்லித் தருகிறார். ஆய்வாளர் வந்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டால் அன்றைக்குக் குழந்தைகளின் கதை நேரம்தான் போகும். அனுமதிக் கடிதத்திலேயே, எந்த நேரத்தில் வருவோம், எவ்வளவு நேரம் எடுப்போம், அந்த நேரத்தில் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதுங்கள். துறை அனுமதி தந்தால், உதவிக்கு ஒருவரை வைக்கும் செலவையும் கேளுங்கள். அவர் சொல்லும் கருத்து ஆய்வில் இடம்பெற்றால், நன்றியுரையில் 'களப்பணியாளர்கள்' என்று கூட்டமாகப் போடாமல், அவர் சம்மதித்தால் பெயரைப் போடுங்கள்.

முடிவுகளைத் தமிழில் எழுதவும் பணம் ஒதுக்குங்கள். வட்டாரக் கூட்டத்தில் மேற்பார்வையாளர்கள் முன்னிலையில் படித்துக் காட்டக்கூடிய நான்கு பக்கம் போதும். எந்த மையத்தில் எது நன்றாக நடந்தது, எதை மாற்றலாம் என்பது அதில் இருக்க வேண்டும். அடுத்த முறை அதே அலுவலகத்துக்கு இன்னோர் ஆய்வாளர் அனுமதி கேட்டுப் போகும்போது, மேசையில் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த நான்கு பக்கத்தைத்தான்.