ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர்: கல்லூரி ஆசிரியருக்கு விதி என்ன சொல்கிறது?

"ஓரியண்டேஷன் முடிச்சாச்சா?" தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரை ஸ்டாஃப் ரூமில் சீனியர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஓரியண்டேஷன் என்றால் புது ஆசிரியருக்கான அறிமுகப் பயிற்சி. வகுப்பு எப்படிப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் இருபது வருடமாகக் கேட்கிற கூட்டத்தில்தான் இருக்கிறேன், அதனால் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் பதவி உயர்வு விதியைப் பொறுமையாகப் படித்தால், அது கேட்பது சான்றிதழை மட்டுமில்லை என்று தெரியும்.

இப்போது நடைமுறையில் இருப்பது யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறை. உதவிப் பேராசிரியர் லெவல் 10 என்ற சம்பள நிலையில் 57,700 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்கிறார். லெவல் 11-க்கு, அதாவது 68,900-க்குப் போக, பிஎச்.டி. இருந்தால் 4 வருடம், எம்.ஃபில். இருந்தால் 5, இரண்டும் இல்லாவிட்டால் 6 வருடம் பணி முடித்திருக்க வேண்டும். அதோடு கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் ஓரியண்டேஷன் ஒன்று கட்டாயம். அதற்கு மேல் பாட அறிவைப் புதுப்பிக்கும் ஒரு புத்தொளிப் பயிற்சி (நாம் ரெஃப்ரெஷர் என்கிறோமே, அது), அல்லது குறைந்தது ஐந்து நாள் நடக்கும் பயிற்சிகள் இரண்டு, அல்லது சான்றிதழோடு முடித்த ஒரு மூக் (MOOC, எல்லோருக்கும் திறந்த ஆன்லைன்) படிப்பு. ஆய்வுக் கட்டுரைக் கணக்கு தனி, அதை இங்கே தொடவில்லை.

பலர் ஏமாறுகிற இடம் தேதிதான். நாலு வருடம் முடிந்த அன்று ரெஃப்ரெஷர் முடிந்திருக்காவிட்டால், பதவி உயர்வு அந்த நாளில் இருந்து கிடைக்காது. எல்லாத் தகுதியும் என்றைக்கு நிறைவாகிறதோ, அன்றிலிருந்துதான் கணக்கு. ஆறு மாதம் தள்ளிப் போட்டால் ஆறு மாதச் சம்பள வித்தியாசம் போயிற்று. அடுத்த லெவலுக்கான தேதியும் கூடவே நகரும். சேர்ந்த இரண்டாவது வருடமே ஓரியண்டேஷனை முடித்துவிடுங்கள் என்று ஜூனியர்களிடம் நான் நச்சரிப்பது இதனால்தான்.

பயிற்சி எங்கே? 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் 'அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்' தொடங்கினார்கள். பின்னால் அது மனிதவள மேம்பாட்டு மையம் ஆனது. 2023 செப்டம்பரில் இருந்து மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டம். பெயர்ப் பலகையை எத்தனை முறை மாற்றினாலும் வேலை ஒன்றுதான். நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள். யுஜிசியின் மாளவியா மிஷன் தளத்தில் பதிவு செய்துகொண்டு, நமக்கு ஏற்ற மையத்தையும் தேதியையும் பார்த்து விண்ணப்பிக்கலாம். நம் மாவட்டங்களில் இருந்து நேரடிப் பயிற்சிக்குச் சென்னைக்கோ கோவைக்கோ பையைக் கட்ட வேண்டும். கிருஷ்ணகிரி டவுனில் ரயில் நிலையமே இல்லை, எந்த ஊருக்கும் பஸ்தான். ஆன்லைன் வந்தது நம்மவர்களுக்கு அந்த வகையில் பெரிய சௌகரியம்.

சௌகரியத்தோடு ஒரு தொல்லையும் வந்தது. வெளியூர்ப் பயிற்சிக்குப் போனால் ஓடி (OD, பணி விடுப்பு) கொடுக்கிற நிர்வாகத்தார், ஆன்லைன் என்றால் "இங்கேதானே இருக்கீங்க, ரெண்டு பீரியட் எடுத்துட்டு உட்காருங்க" என்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியில் ஒரு ரெஃப்ரெஷரைப் பாதி நாள் படிக்கட்டடியில் ஃபோனை வைத்துக் கேட்டேன், மீதியை வகுப்பில் பாடம் நடத்தியபடி சட்டைப் பையில் வைத்து "கேட்டேன்". சான்றிதழ் வந்தது. என்ன கற்றேன் என்று மட்டும் கேட்காதீர்கள். விதி இதில் நம் பக்கம் இருக்கிறது: ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர், கருத்தரங்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கல்வியாண்டில் 30 நாள் வரை பணி விடுப்பு தரலாம் என்கிறது. வாயால் கேட்காமல், பயிற்சிக்குத் தேர்வான கடிதத்தை இணைத்து எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

பர்கூர், தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரிகள் மாதிரி ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வரம்பில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. ஏஐசிடிஇயின் அடல் அகாடமி பயிற்சிகள், சென்னை தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் வகுப்புகள், பிறகு ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல். என்பிடெல்லில் 8 வாரப் படிப்பு ஒன்றை முடித்தால் ஒரு எஃப்டிபி (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) என்று கணக்கு, 12 வாரம் என்றால் ஒன்றரை. பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக் கட்டணம் கட்டி நேரில் எழுத வேண்டும்.

நிரந்தரப் பணி இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் பாடுதான் பாவம். பதவி உயர்வுக் கணக்கே அவர்களுக்குக் கிடையாது. இருந்தும் 2020 தேசியக் கல்விக் கொள்கை பற்றி மாளவியா மிஷன் நடத்தும் இரண்டு வார ஆன்லைன் பயிற்சியில் அவர்களும் சேரலாம். நாளைக்கு நிரந்தரப் பணி நேர்காணலில் காட்டலாமே என்று சேர்கிறவர்கள் நிறைய.

சரி, பயிற்சியில் உருப்படியாக ஏதாவது உண்டா? உண்டு, மைக்ரோ டீச்சிங். பத்து நிமிடம் சக ஆசிரியர்கள் முன்னால் பாடம் நடத்த வேண்டும், ஃபோனில் படம் பிடிப்பார்கள். என்னோடு வந்த ஒரு பொருளாதார வாத்தியார் 'தேவை நெகிழ்ச்சி'யை (விலை மாறினால் வாங்குகிற அளவு எவ்வளவு மாறும் என்பதை) புத்தகத்தில் உள்ளபடி வரைபடம் போட்டு முடித்தார். வீடியோவைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் முதுகு மட்டும்தான் தெரிகிறது. மனுஷன் வெட்கப்பட்டுப் போனார். மறுநாள் அதே பாடத்தைப் பாலக்கோடு தக்காளி மண்டியில் இருந்து ஆரம்பித்தார்: "விலை பாதியாய் இறங்கினால் நம் வீட்டில் ரெண்டு மடங்கு தக்காளியா வாங்குவோம்?" தக்காளியை ரோட்டில் கொட்டிவிட்டு வந்த அப்பாவைப் பார்த்த பிள்ளைகள் அவர் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வி போதும், வரைபடம் பிறகு வரட்டும்.

இன்னொன்றை நானே எடுத்துக்கொண்டேன். "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று மொத்த வகுப்பும் சொல்லும். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஓசூர், தளி பக்கத்துப் பிள்ளைகளும் அதையேதான் சொல்வார்கள். இப்போது கடைசி மூன்று நிமிடம் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. இன்று புரியாத ஒன்றை ஒரே வரியில் எழுத வேண்டும், பெயர் வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம்.

பதவி உயர்வுக்கான மதிப்பீட்டுப் படிவத்தில் கற்பித்தலுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்திருந்தால் 'நன்று', 70-இல் இருந்து 80-க்குள் 'திருப்தி', அதற்குக் கீழே போனால் 'திருப்தியில்லை'. எத்தனை வகுப்பு என்றுதான் அந்தக் கட்டம் கேட்கிறது. அது இருக்கட்டும். முதல் வாரம் வந்த சீட்டுகளில் ஒன்றில் "சார், போர்டு கடைசி பெஞ்சுக்குத் தெரியல" என்று இருந்தது. பெஞ்சை முன்னால் இழுத்துப் போட்டோம்.