மெயின்டெய்னர்னா தலைவரா, பேணுநரா?

இந்த வருஷம் காவடி முடிஞ்ச அடுத்த வாரம் மொரிஷியஸ் ரோஸ் ஹில்ல எங்க நாலு பேருக்குள்ள பெரிய மனஸ்தாபம், எல்லாம் மெயின்டெய்னர்ங்கற ஒரே ஒரு சொல்லால. நாங்க ஓய்வு நேரத்துல ஒரு பஞ்சாங்க சாஃப்ட்வேர் எழுதறோம், ஓப்பன் சோர்ஸ், அதாவது யார் வேணா கோடப் பாத்து திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. சென்னைல ராத்திரி 1 மணிக்கு முடியற திதி நமக்கு முந்தின நாள் ராத்திரி பதினொன்றரைக்கே முடிஞ்சிடும், அதனால இந்தியப் பஞ்சாங்கத்த அப்படியே எடுத்தா சில விசேஷம் நாளே மாறிடும், அதுக்காக மொரிஷியஸ் நேரத்துக்குன்னே கணக்கு போடற ப்ராஜெக்ட் இது. ஆரம்பிச்சவர் ஒரு அண்ணன். எட்டு மாசமா அவருக்கு நேரமே இல்ல, நாங்க அனுப்பின திருத்தமெல்லாம் அப்படியே கெடந்துச்சு, ஒரு தம்பி மட்டும் தனியா காப்பி எடுத்து வச்சு பக், அதாவது பிழையெல்லாம் சரி பண்ணிட்டு இருந்தான். அவன் தான் கேட்டான், "அண்ணா, இனிமே நான் மெயின்டெய்னரா இருக்கட்டுமா?" பக்கத்துல இருந்த பெரியவர் ஒருத்தர் உடனே "கிசான்லா ப்ரெசிடான்?"னு கேட்டுட்டார், யாரு தலைவர்னு. அண்ணன் முகமே மாறிடுச்சு. என்னை எறக்கப் பாக்கறீங்களான்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். கோவில் சோசியேதே, அதாவது சங்கத்தோட எலெக்ஷன் பாத்து வளந்தவங்க நாம, ப்ரெசிடான்ங்கற சொல் நம்ம காதுல எப்படி விழும்னு சொல்ல வேண்டியதில்ல.

ஆனா மெயின்டெய்னர்ங்கற சொல்லுக்குள்ள தலை கிடையாது, கை தான் இருக்கு. பிரெஞ்சு படிச்ச நமக்கு இது பாத்த உடனே தெரியணும். லத்தீன்ல மானுன்னா கையால, தெனேரேன்னா பிடிச்சிருக்கறது, ரெண்டும் சேந்து பிரெஞ்சுல மேந்தெனீர் ஆச்சு, அங்கேருந்து இங்கிலீஷுக்குப் போய் மெயின்டெய்ன். நாம 'இப்போ'ன்னு சொல்ற மேந்தெனாங் இருக்கே, அதுவும் இதே சொல் தான், கைல பிடிச்சிருக்கற நேரம். நம்ம கிரியோல்ல கைக்கு லாமேன்னு சொல்றோமே, அதுக்குள்ள இருக்கறதும் அதே கை தான். பழைய இங்கிலீஷ் சட்டத்துல இதுக்கு ஒரு கெட்ட அர்த்தமும் இருந்துச்சு: தனக்கு சம்பந்தமில்லாத இன்னொருத்தர் வழக்குக்கு கை குடுத்து நடத்தி வைக்கறவன் தான் மெயின்டெய்னர், அது குற்றம், 1967ல தான் இங்கிலாந்துல அந்தக் குற்றத்த எடுத்தாங்க.

சாஃப்ட்வேர்ல மெயின்டெய்னர்னா அடுத்தவங்க அனுப்பற திருத்தத்தப் படிச்சுப் பாத்து சேக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றவர், ரிலீஸ் விடறவர், ராத்திரி பக் ரிப்போர்ட் வந்தா பதில் சொல்றவர். லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல்ல இந்தப் பேர்லயே ஒரு ஃபைல் இருக்கு, எந்தப் பகுதி யார் கைலன்னு அதுல எழுதி வச்சிருக்காங்க. லினக்ஸ வச்சு பலர் சேந்து செய்யற டெபியன்ங்கற சிஸ்டத்துல இன்னும் தெளிவு, அங்க ப்ராஜெக்ட் லீடர வருஷா வருஷம் ஓட்டுப் போட்டு எடுப்பாங்க, அதுக்குள்ள இருக்கற ஒவ்வொரு சாஃப்ட்வேர் பேக்கேஜுக்கும் மெயின்டெய்னர் வேற ஆளு. யாரையும் வேலை செஞ்சே ஆகணும்னு கட்டாயப்படுத்த முடியாதுன்னு அவங்க சாசனத்துலயே இருக்கு. ஒரு மெயின்டெய்னர் எடுத்த முடிவ மாத்தணும்னா டெக்னிக்கல் கமிட்டில எதிர்ப்பு ஒண்ணுன்னா ஆதரவு மூணுங்கற கணக்குல மெஜாரிட்டி வேணும், லீடர் ஒத்தையா நின்னு மாத்த முடியாது. தலைமை வேற, கைல பிடிச்சிருக்கறது வேறன்னு அவங்க பிரிச்சு வச்சுட்டாங்க.

பைத்தான்ங்கற ப்ரோக்ராம் மொழில ரொம்ப நாள் ரெண்டும் ஒரே ஆள் கிட்ட இருந்துச்சு. அத உருவாக்கின கைடோ வான் ராசமுக்கு ஆயுசு முழுக்க கருணையுள்ள சர்வாதிகாரின்னு பட்டமே குடுத்திருந்தாங்க. 2018 ஜூலைல, ஒரு புது குறியீட்ட மொழில சேக்கலாமான்னு நடந்த நீண்ட வாக்குவாதத்துக்கு அப்புறம் மனசு சோந்து போய் அவர் விலகிட்டார், அடுத்து இவர்னு யாரையும் கை காட்டல, நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்கன்னுட்டார். அவங்க பல மாசம் பேசி, ஓட்டுப் போட்டு, அஞ்சு பேர் குழுன்னு வச்சாங்க. எனக்கு அதுல பிடிச்சது அந்த வரிசை தான், ஆளத் தேடறதுக்கு முன்னாடி எப்படி நடத்தணும்ங்கறத முடிவு பண்ணாங்க.

தமிழ்ல பாத்தா இந்த வேலையோட மொத்த வாழ்க்கையும் நம்ம கை சொல்லுக்குள்ளயே இருக்கு. ஒரு ப்ராஜெக்ட கையாளறோம், நேரமில்லாதப்போ கைவிடறோம், நல்ல ஆள் கெடச்சா கைமாத்தி விடறோம், கேக்காம எடுத்தா அது கைப்பற்றறது. டெபியன்ல கைவிட்ட பேக்கேஜ அனாதைன்னும் இன்னொருத்தர் எடுத்துக்கறத தத்துன்னும் சொல்றாங்க, நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கைமாத்தறது சின்ன விஷயமும் இல்ல. எக்ஸ்இசட்ங்கற ஃபைல் சுருக்கற சாஃப்ட்வேர தனியா பாத்துட்டு இருந்தவர் களைச்சுப் போயிருந்த நேரத்துல, ஏன் இவ்வளவு லேட்டு, வேற ஆள் கிட்ட குடுங்கன்னு மெயில் மேல மெயில் போட்டு நெருக்கினாங்க, உதவிக்கு வந்த ஆள் மெயின்டெய்னராவே ஆயிட்டார், கடைசில 2024 மார்ச்ல பாத்தா அவர் வழியாத்தான் உள்ள திருட்டுக் கதவு வச்சிருக்காங்க. லாகின் ஆக அரை செகண்ட் கூடுதலா ஆகுதேன்னு ஒரு இஞ்சினியர் துருவிப் பாத்ததால வெளிய வந்துச்சு. அதனால எங்க அண்ணன் உடனே தூக்கிக் குடுக்காதது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், எட்டு மாசம் ஒரு வார்த்தை பேசாம இருந்தது தான் தப்பு.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? நெறைய பேர் பராமரிப்பாளர்னு எழுதறாங்க, தப்பில்ல. வடமொழி பராமர்சத்தோட உறவுள்ள சொல், அதோட வேர்லயும் தொடறது, தடவிப் பாக்கறதுங்கற அர்த்தம் உண்டு, அதுவும் கை தான். ஆனா இன்னிக்கு பராமரிப்புன்னா லிஃப்ட் ரிப்பேர், கரண்ட் கட்னு தான் மனசு போகுது, முடிவெடுக்கற பங்கு அதுல காணாமப் போயிடுது. பொறுப்பாளர் இன்னொண்ணு, டெபியனோட பிரெஞ்சுப் பக்கங்கள்ல ரெஸ்போன்சாப்ளுன்னு தான் போடறாங்க, அதுக்கு இது நேர் சொல். பொறுப்பும் பொறுமையும் ஒரே வேர்ங்கறதால எனக்கு இதுல ஆசை உண்டு, ஆனா கட்சிப் பொறுப்பாளர், கிளைப் பொறுப்பாளர்னு கேட்டுக் கேட்டு அது பதவியாவே ஆயிடுச்சு, மறுபடி ப்ரெசிடான் வாசனை வந்துடும். நிர்வாகி, மேலாளர் ரெண்டும் வேண்டவே வேண்டாம், அதெல்லாம் ஆளுங்கள நடத்தறவங்களுக்கு.

என் கணக்குல சரியான சொல் பேணுநர். பேணுறதுன்னா காப்பாத்தறது, மதிச்சு வச்சுக்கறது, பிரியமா பாத்துக்கறது, மூணும் சேந்தது. வள்ளுவர் 56வது குறள்ல 'தற்கொண்டாற் பேணி'ன்னு சொன்ன அதே பேணு. உடமைங்கற அர்த்தம் அதுல இல்ல, அதிகாரமும் இல்ல, ஆனா வேணாங்கறத வேணாம்னு சொல்ற உரிமை இருக்கு, ஏன்னா பேணறவன் கண்டதையும் உள்ள விட மாட்டான். எழுதும்போது நர் தான், னர் இல்ல, பெறுநர், ஓட்டுநர், இயக்குநர் மாதிரி. ரெண்டு பேர் சேந்து பாத்தா இணைப்பேணுநர். ஆரம்பிச்சவருக்கு தொடங்குநர்னு தனியா பேர் போடணும், அது யாராலயும் எடுக்க முடியாத பேர், எங்க சண்டைல நாங்க மறந்தது அதத்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு அண்ணன் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன், லினக்ஸ்ல பகுதி பகுதியா பிரிச்சு எழுதி வச்சிருக்கறதையும் காட்டினேன். ரொம்ப நேரம் அந்த ஃபைலயே பாத்துட்டு இருந்தார். அப்புறம் சொன்னார், "திதி, விசேஷ நாள், ரிலீஸ் எல்லாம் தம்பி பாத்துக்கட்டும், நட்சத்திரக் கணக்கு மட்டும் என் கைல இருக்கட்டும்."