இடம் இருக்கிறது என்று விஎம் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

மாதக் கடைசி, சாயங்காலம் ஆறு மணி. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து போன். "அண்ணா, பில்லே போட முடியலைங்க. அப்படியே நிக்குது. காலையிலதான் பார்த்தேன், சி டிரைவ்ல பாதிக்கு மேல காலியாத்தான் இருந்துச்சு."

அந்தப் பையன் சொன்னது உண்மைதான். ஆனால் அங்கே சர்வரில் ஓடுவது ப்ராக்ஸ்மாக்ஸ். ஒரே சர்வருக்குள் பல விஎம்களை, அதாவது தனித்தனிக் கம்ப்யூட்டர்போல நடந்துகொள்ளும் மெய்நிகர் இயந்திரங்களை, ஓட்டும் மென்பொருள் அது. அதன் திரையைத் திறந்தால், ஐந்து விஎம்களில் மூன்றின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். டெர்மினலில் எல்விஎஸ் என்று, டிஸ்க் இடத்தின் கணக்கைக் காட்டும் கட்டளையை அடித்தேன். டேட்டா என்ற பத்தியின் கீழே 100.00 என்று இருந்தது. நூறு சதவீதமும் நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

அந்த சர்வரில் 2 டிபி டிஸ்க் இரண்டு, ரெய்டு கார்டில் மிரர் செய்து (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும்) போட்டிருந்தார்கள். கைக்குக் கிடைக்கும் இடம் 1.8 டிபிக்கும் குறைவு. விஎம்களுக்கோ ஆளுக்கு 500 ஜிபி, மொத்தம் 2.5 டிபி! தின் பூல், அதாவது எல்லா விஎம்களும் பங்கிட்டுக்கொள்ளும் பொது இடம், இதற்குச் சம்மதிக்கும். ஏனென்றால் கேட்ட இடத்தை அது உடனே எடுத்து வைப்பதில்லை. விஎம் எழுத எழுதத்தான் ஒதுக்கும். விஎம் பார்ப்பது நாம் எழுதிக் கொடுத்த 500ஐ மட்டும். கீழே உண்மையில் எவ்வளவு மிச்சம் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பூல் நிரம்பினால் விஎம் எழுதுகிற நடுவிலேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் என்ன கதியாகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தேடியதில், நான்கு மாதத்துக்கு முன் ஏதோ அப்டேட்டுக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அன்றைய நிலையின் பதிவு) ஒன்று அப்படியே கிடந்தது. ஸ்னாப்ஷாட் இருக்கிறவரை பழைய பிளாக்குகளை பூல் விடாது. பேக்கப் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அதை நீக்கினேன். டேட்டா 83 சதவீதத்துக்கு இறங்கியது. விஎம்கள் எழுந்தன. ஒரு லினக்ஸ் விஎம்முக்கு மட்டும் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டியிருந்தது. அன்றைக்கு அதோடு தப்பித்தோம்.

மறுநாள் முதலாளி புது டிஸ்க் ஒன்றை வாங்கி மேஜைமேல் வைத்திருந்தார். "இதைச் சொருகிட்டா சரியாயிடுமில்ல தம்பி?"

இந்த இடத்தில்தான் பலபேர் தவறு செய்கிறார்கள். பிவிகிரியேட், விஜிஎக்ஸ்டெண்ட், எல்விஎக்ஸ்டெண்ட் என்று மூன்று கட்டளையில், இரண்டே நிமிடத்தில் பூல் பெரிதாகிவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மிரரில் இருக்கும் பழைய இடத்தோடு, துணையில்லாத ஒற்றை டிஸ்க்கை ஒட்டுகிறோம். எந்த விஎம்மின் எந்தத் துண்டு எதில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. அந்த ஒற்றை டிஸ்க் செத்தால் அதில் இருந்தது மட்டும் போகாது, மொத்த பூலும் போய்விடும். இத்தனை நாள் மிரர் கொடுத்த பாதுகாப்பு அந்த மூன்று கட்டளையில் காலி. அதனால் இன்னொன்றும் வாங்கச் சொன்னேன். இரண்டையும் மிரராக்கிய பிறகுதான் பூலோடு சேர்த்தோம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதைத் தனி ஸ்டோரேஜாக வைத்து, போனாலும் திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடிய டெஸ்ட் விஎம்களை அங்கே நகர்த்துங்கள்.

இடத்தைக் கூட்டும்போதே எல்விஎஸ் காட்டும் மெட்டா என்ற பத்தியையும் பாருங்கள். எந்த பிளாக் எங்கே இருக்கிறது என்ற கணக்குப் புத்தகம் அது. டேட்டாவில் இடம் இருந்தும் மெட்டாடேட்டா நிரம்பி பூல் படுத்த கதை உண்டு. அதைச் சரிசெய்வது இன்னும் கஷ்டம்.

விஎம் டிஸ்க்கைப் பெரிதாக்குவது அடுத்த வேலை. ப்ராக்ஸ்மாக்ஸில் 50 ஜிபி கூட்டினாலும் உள்ளே போய்ப் பார்த்தால் பழைய அளவுதான் இருக்கும். பார்ட்டிஷனையும், பிறகு ஃபைல் சிஸ்டத்தையும் தனித்தனியாக நீட்ட வேண்டும். விண்டோஸில் சி டிரைவுக்கு அடுத்து ரெக்கவரி பார்ட்டிஷன் குறுக்கே உட்கார்ந்திருந்தால், எக்ஸ்டெண்ட் வால்யூம் என்பது மங்கலாகத் தெரியும், அழுத்த முடியாது. இங்கே அவசரப்பட்டுக் கண்டதையும் அழிக்காதீர்கள். பேக்கப் எடுத்த பிறகு கை வையுங்கள். கூட்டிய டிஸ்க்கைத் திரும்பச் சுருக்க ப்ராக்ஸ்மாக்ஸில் பட்டன் கிடையாது என்பதால், கேட்கிறார்களே என்று ஒரேயடியாக 500 கொடுக்காமல் தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நல்லது.

டிஸ்க் வாங்கும் முன்பே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. விஎம்முக்குள் ஃபைலை அழித்தால் பூலுக்கு இடம் தானாகத் திரும்பாது. விஎம் டிஸ்க்கின் அமைப்பில் டிஸ்கார்ட் (அழித்த இடத்தைப் பூலுக்குத் திருப்புவது) என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். இயல்பாக அது இருக்காது. டிக் போட்டு, விஎம்மை ஒருமுறை முழுதாக நிறுத்தி எழுப்பி, லினக்ஸ் என்றால் காலி இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் எஃப்எஸ்டிரிம் கட்டளையை ஓட்டுங்கள். அந்தக் கம்பெனியில் பழைய பேக்கப் ஃபைல்களை அழித்த விஎம் ஒன்றில் மட்டும் இதைச் செய்ததும் 140 ஜிபி திரும்பியது.

பூல் தானாக வளரும் வசதி, லினக்ஸில் டிஸ்க் இடத்தை நிர்வகிக்கும் எல்விஎம்மில் உண்டு. ஆனால் எத்தனை சதவீதம் நிரம்பினால் வளர வேண்டும் என்ற வரம்பு இயல்பாக 100இல் இருக்கும்; அதாவது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால் 80ஐத் தாண்டினால் மெயில் வருகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டுக் கொடுத்தேன். அதையும் நம்பி உட்காராமல், சனிக்கிழமைதோறும் அந்தப் பையன் எல்விஎஸ் அடித்து இரண்டு எண்ணையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். போன வாரம் டேட்டா 47, மெட்டா 22.