பிரைமரியில் பூர்வீகத்துக்கு எவ்வளவு எடை?

அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முன், ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் உட்கட்சி ஓட்டுதான் பிரைமரி. 2008 தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் போட்டியிட்டார்கள். 2007 இலையுதிர் காலம்வரை அமெரிக்கக் கறுப்பின வாக்காளர்களிடையே ஒபாமாவைவிட கிளிண்டனுக்கே செல்வாக்கு அதிகம். ஒபாமாவின் தந்தை கென்யர் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அவர் பக்கம் அலை அடிக்கவில்லை. 2008 ஜனவரி 3 அன்று, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்களான அயோவா மாநிலத்தின் காக்கஸில் (பிரைமரிக்குப் பதிலாகக் கட்சிக்காரர்கள் கூட்டம் கூடி வேட்பாளரைத் தேர்வுசெய்யும் முறை) ஏறத்தாழ 38 சதவீதம் பெற்று அவர் முதலிடம் பிடித்தார். மூன்று வாரம் கழித்து தெற்கு கரோலினாவில், கறுப்பினத்தவரில் ஐந்தில் நால்வர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் அவருடைய பூர்வீகம் மாறிவிடவில்லை. 'வெள்ளைக்காரர்கள் இவருக்குப் போடுவார்களா?' என்ற சந்தேகம்தான் தீர்ந்திருந்தது.

நவம்பர் பொதுத்தேர்தலில் கட்சிப் பெயரே பெரும்பாலான வேலையை முடித்துவிடும். கட்சி ஆதரவாளர்களில் பத்தில் ஒன்பது பேர் சொந்தக் கட்சிக்கே போடுகிறார்கள். பிரைமரியில் மேடையில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே கட்சி, கொள்கையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்போது கைக்கு எட்டும் அடையாளங்களை வாக்காளர் பிடித்துக்கொள்கிறார்: நிறம், மதம், பாலினம், பெயர். 'நம்ம ஆள்' என்ற ஈர்ப்பு ஒரு வழி, வெறுப்பு இன்னொரு வழி. கறுப்பின வேட்பாளர் என்றால் உண்மையில் இருப்பதைவிட இடதுசாரி என்று ஊகித்துக்கொள்வது மூன்றாவது. இவற்றைவிடக் கனமானது, மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று போடும் கணக்கு.

அந்தக் கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 2020 தேர்தலுக்காகக் களமிறங்கிய கமலா ஹாரிஸ், முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே, 2019 டிசம்பர் 3 அன்று விலகிக்கொண்டார். இன்னொரு கறுப்பின வேட்பாளரான கோரி புக்கர் அடுத்த மாதம் விலகினார். பிப்ரவரி 29 அன்று தெற்கு கரோலினாவில் கறுப்பினத்தவர் ஓட்டில் ஏறத்தாழ 60 சதவீதம் ஜோ பைடனுக்குப் போனது. ட்ரம்பைத் தோற்கடிக்கக்கூடியவர் யார் என்பதே அந்த ஆண்டு பெரிய கேள்வி. ஹாரிஸுடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்ததைப் படித்தவர்கள் இந்திய வம்சாவளி ஓட்டைப் பற்றியும் கேட்பார்கள்: நாடு முழுவதும் சேர்த்தாலும் அது நூற்றுக்கு ஓரிரண்டுதான். சிறிய சமூகங்களின் பலம் ஓட்டைவிட நன்கொடையில் தெரியும். 1988இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான, கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்த மைக்கேல் டுகாக்கிஸுக்குக் கிரேக்க அமெரிக்கர்கள் அள்ளிக் கொடுத்தது அப்படித்தான்.

இதையெல்லாம் அளப்பது எப்படி? 'கறுப்பர் என்பதால் போடமாட்டேன்' என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். அதற்காக வந்ததுதான் பட்டியல் சோதனை. ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதல் குழுவிடம் மூன்று விஷயங்கள் வாசிக்கப்படும்: பெட்ரோல் வரி உயர்வு, விளையாட்டு வீரர்களின் கோடிக்கணக்கான சம்பளம், சுற்றுச்சூழலைக் கெடுக்கும் கம்பெனிகள். 'இவற்றில் எத்தனை உங்களுக்குக் கோபமூட்டும்? எவை என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும்.' இரண்டாம் குழுவுக்கு அதே மூன்றோடு நாலாவதாக 'பக்கத்து வீட்டுக்குக் கறுப்பினக் குடும்பம் குடிவருவது' சேரும். முதல் குழுவின் சராசரி 1.90, இரண்டாவதன் சராசரி 2.15 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசமான 0.25 என்பது நாலாவது விஷயத்துக்குக் கோபப்பட்டவர்களின் பங்கு, அதாவது 25 சதவீதம். தனி ஆள் யார் என்பது ஆய்வாளருக்கே தெரியாது.

அழகான ஏற்பாடு, ஆனால் விலை அதிகம். குழுவுக்கு 500 பேர் இருந்தாலும் பிழை வரம்பு ஏறத்தாழ 10 புள்ளி. 25 என்பது 15ஆகவும் இருக்கலாம், 35ஆகவும் இருக்கலாம். நாலுமே கோபமூட்டும் என்கிறவருக்கு 'நாலு' என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று தெரியும், அதனால் 'மூன்று' என்று நழுவுவார். அதைத் தவிர்க்கவே, ஒருவருக்கே எல்லாம் பொருந்தாதபடி பட்டியலைக் கலந்து போடுவார்கள்.

வாக்குச்சாவடி வாசலில் எடுக்கும் கணிப்பிலும் இதே சிக்கல். 1,500 பேரிடம் கேட்டு, அதில் 8 சதவீதம் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) என்றால் கையில் இருப்பது 120 பேர். எளிய கணக்கிலேயே பிழை வரம்பு 9 புள்ளி, ஒரே சாவடியில் கொத்தாக எடுப்பதால் இன்னும் கூடும். மறுநாள் செய்தியில் எண் மட்டும் வரும், வரம்பு வராது.

கணிப்பு பொய்த்ததும் எல்லாவற்றையும் நிறவெறியின் தலையில் கட்டுவது இன்னொரு தவறு. 2008 நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் ஒபாமா முன்னிலை என்று கணிப்புகள் சொல்ல, கிளிண்டன் 39க்கு 36 என்று ஜெயித்தார். உடனே 'பிராட்லி விளைவு' என்றார்கள், அதாவது கணிப்பாளரிடம் கறுப்பின வேட்பாளருக்கு என்று சொல்லிவிட்டு ஓட்டை மாற்றிப் போடுவது: 1982இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் கணிப்புகளில் முந்தியிருந்தும் தோற்ற கறுப்பின மேயர் டாம் பிராட்லியின் பெயர் அதற்கு. பிற்பாடு தோண்டியபோது அதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. கடைசி நாளில் மனம் மாறியவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு வாக்குச்சீட்டில் கிளிண்டன் பெயர் மேலேயும் ஒபாமா பெயர் அடியிலும் இருந்ததைச் சுட்டிக்காட்டியவர்களும் உண்டு. முதலில் கண்ணில் படும் பெயருக்குச் சில ஓட்டு கூடுதலாக விழுவது பழைய கண்டுபிடிப்பு.

மேற்கு வர்ஜீனியா வேறு கதை. 2008 மே மாதம் அங்கே கிளிண்டன் 67, ஒபாமா 26. வெள்ளையர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், இனம் தன் முடிவில் முக்கியம் என்று வாசலிலேயே ஒத்துக்கொண்டார். 2012இல், அதிபராகவே இருந்த ஒபாமாவுக்கு எதிராக அதே மாநிலப் பிரைமரியில் டெக்சாஸ் சிறைக் கைதி ஒருவர் 41 சதவீதம் வாங்கினார். இதை நிறவெறி என்று முடித்துவிட ஆசையாக இருக்கும். ஆனால் அது நிலக்கரி மாநிலம். ஒபாமா அரசின் சுற்றுச்சூழல் விதிகள் மீது சுரங்க ஊர்களுக்கு இருந்த கோபமும் அதே ஓட்டில்தான் கலந்திருக்கிறது.

பொருளியலாளர் சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ் இதைக் கூகுள் தேடல்களை வைத்துப் பிரிக்கப் பார்த்தார். இனவெறிச் சொற்களை அதிகம் தேடிய பகுதிகளில், 2004இல் அதே கட்சியின் வெள்ளை வேட்பாளர் ஜான் கெரி பெற்ற ஓட்டோடு ஒப்பிட்டால் ஒபாமா எவ்வளவு சறுக்கினார் என்று பார்த்து, இழப்பு ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி என்றார். அது பொதுத்தேர்தல் கணக்கு. கெரியும் ஒபாமாவும் ஒரே கட்சி என்பதால்தான் அந்தக் கழித்தல் சாத்தியமானது. பிரைமரியில் நாலு வருடத்துக்கொருமுறை ஆட்டக்காரர்களே மாறிவிடுகிறார்கள். எதிலிருந்து எதைக் கழிப்பது?