சொந்த ரத்தத்தில் மருந்து: அந்த வாட்ஸ்அப் செய்தியில் விடுபட்டவை

"டாக்டர், ரத்தம் எடுத்து, அதிலேயே செல் வளர்த்து ஏத்தினா கேன்சர் போயிடுமாமே?"

மெலனோமா நோயாளியின் வீட்டார், கைபேசியில் வந்த வாட்ஸ்அப் செய்தியை நீட்டிக் கேட்கும் கேள்வி இது. நம் ஊரில் இந்தத் தோல் புற்று உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதுண்டு. கால் ஆணி என்று நினைத்து மாதக்கணக்கில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, பரவிய பிறகு வருகிறவர்களுக்கு இப்படியொரு செய்தி கண்ணில் பட்டால் விடமாட்டார்கள். சொந்த ரத்தச் செல்லை வளர்த்து ஏற்றியதில் ஒருவருக்குப் புற்று மறைந்தது என்ற அந்தச் செய்தி பொய்யில்லை, பாதியில் நிற்கிறது.

அந்தச் சிகிச்சை அமெரிக்காவில், சியாட்டிலில் உள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தில் நடந்தது. ஆய்வாளர் காசியன் யீ குழுவினர் அதை 2008-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். நோயாளிக்கு 52 வயது. தொடை இடுக்கு நிணநீர்க் கணுவுக்கும் நுரையீரலுக்கும் நோய் பரவியிருந்தது. அவர் ரத்தத்திலிருந்த சிடி4 டி செல்களில் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை), என்ஒய்-ஈஎஸ்ஓ-1 என்ற புற்றுப் புரதத்தை அடையாளம் காண்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, சுமார் 500 கோடியாகப் பெருக்கி ஏற்றினார்கள். கீமோ கொடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் ஸ்கேனில் கட்டி இல்லை. இரண்டு ஆண்டு கழித்தும் நலமாக இருந்தார்.

என்னை வியக்கவைத்தது வேறொன்று. அவர் கட்டியின் செல்களில் பாதி முதல் முக்கால்வாசி வரைதான் அந்தப் புரதம் இருந்தது. ஆனாலும் மொத்தக் கட்டியும் கரைந்தது. ஏற்றிய செல்கள் அவருடைய சொந்த எதிர்ப்பாற்றலையும் தட்டியெழுப்பி, மற்றப் புற்றுப் புரதங்களையும் தாக்க வைத்திருக்கின்றன.

ஆனால் ஆய்வில் சேர்ந்த ஒன்பது பேரில் அந்தக் கட்டுரை பேசியது இந்த ஒருவரைப் பற்றித்தான். இந்தச் சிகிச்சைக்குக் கட்டியில் அந்தப் புரதம் இருக்க வேண்டும். உறுப்பு மாற்றுக்குப் பார்ப்பது போல நோயாளியின் திசு வகையும் பொருந்த வேண்டும்.

மெலனோமாவுக்கு அமெரிக்காவில் 2024-இல் அனுமதி பெற்ற லிஃபிலியூசெல் என்ற செல் சிகிச்சைக்குச் செல்களை ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை. அறுவையில் எடுத்த கட்டிக்குள் இருக்கும் டி செல்களை வளர்க்கிறார்கள். ஏற்றும் முன் கடுமையான கீமோவும் உண்டு. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் ஏறக்குறைய பத்தில் மூவருக்குக் கட்டி சுருங்கியது. இந்தியாவில் 2023-இல் அனுமதியான கார்-டி சிகிச்சை (டி செல்லின் மரபணுவை மாற்றி ஏற்றுவது) ரத்தத்திலிருந்துதான் செய்யப்படுகிறது. ஆனால் அது பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவில் வரும் ரத்தப் புற்றுகளுக்கானது.

"இம்யூன் செல் தெரபி" என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடத்துக்குப் போனால் இதைக் கேளுங்கள்: எந்தப் புரதத்தைத் தேடும் செல்? என் கட்டியில் அது இருக்கிறதா என்று பார்த்தீர்களா? ஆய்வு என்றால், சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் என்ன? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிட்டு முன்பணம் கட்டுங்கள்.